335-க்குப் பிறகு

முப்பது வருடங்களுக்கு முன் மத்தியப் பிரதேசத்தின் மால்வா கிராமங்களில் விவசாயிகளைக் கூட்டிவைத்து, "இந்த ரகத்தைப் போடுங்கள்" என்று தொண்டை வறளப் பேசினோம். இப்போது அதே கிராமங்களில், பல சமயம் அன்று கேட்டவர்களின் பிள்ளைகளிடம், "இதை விட்டுவிடுங்கள்" என்று மன்றாடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேச்சும் ஒரே ரகத்தைப் பற்றியதுதான்: ஜே.எஸ். 335. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா போடுகிறவரிடம் 335 என்று மட்டும் சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டாம். அன்று சொன்னதும் சரி, இன்று சொல்வதும் சரி என்றே நினைக்கிறேன். இடையில் என்ன நடந்தது என்பதை, இரண்டு காலத்திலும் வயலில் நின்றவன் என்ற முறையில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

கோவையில் பயிர் இனப்பெருக்கம் படித்துவிட்டு எண்பதுகளின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்துக்கு வேலைக்குப் போனேன். தமிழ்நாட்டில் அன்றும் இன்றும் சோயா என்றால் கடையில் வாங்கும் மீல் மேக்கர்தான். கல்லூரிப் பண்ணையில் கோ 1 ரகத்தைச் சில பாத்திகளில் பார்த்திருந்தேன். மால்வாவில் ஆகஸ்ட் மாதம் ரயிலை விட்டு இறங்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சோயா. அந்தப் பயிர் அங்கே பரவி இருபது வருடம்கூட ஆகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முன் அந்தக் கரிசல் மண் மழைக்காலம் முழுக்கத் தரிசாகக் கிடந்திருக்கிறது. மழை பெய்தால் களிமண் காலை விடாது, ஏர் இறங்காது. அதனால் மழைநீரை மண்ணுக்குள் குடிக்கவிட்டு, குளிரில் கோதுமையோ கொண்டைக்கடலையோ போடுவது வழக்கம். அறுபதுகளில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து மஞ்சள் சோயாவைக் கொண்டுவந்தது. பிராக், லீ, கிளார்க் 63 என்று அமெரிக்க ரகங்கள். 1967-ல் அகில இந்திய அளவில் சோயா ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1987-ல் இந்தூரில் தேசிய ஆராய்ச்சி மையம் வந்தது. 1970 வாக்கில் நாடு முழுக்க 30 ஆயிரம் ஹெக்டேர் இருந்த பயிர், இன்று சுமார் 1 கோடியே 20 லட்சம் ஹெக்டேர். சும்மா கிடந்த நிலத்தில், சும்மா கிடந்த பருவத்தில், இவ்வளவு வேகமாகப் பரவிய வேறு பயிர் இந்நாட்டில் உண்டா என்று எனக்குத் தெரிந்த யாரிடம் கேட்டாலும் யோசிக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் மஞ்சள் சோயா வருவதற்கு முன்பே அங்கே ஒரு சோயா இருந்தது. களிதூர் என்று பெயர். சின்ன விதை, கரிய நிறம், கொடிபோல் படரும் செடி. இதேபோல் குமாவூன் மலைகளில் பட் என்று ஒரு கறுப்பு சோயாவை இன்றும் வறுத்தும் குழம்பு வைத்தும் சாப்பிடுகிறார்கள். எண்ணெய் ஆலைகளுக்குக் கறுப்பு விதை பிடிக்காது. மஞ்சள் விதைதான் வேண்டும், பருமனாகவும் வேண்டும். களிதூர் விளைச்சலிலும் பின்தங்கியது. எனவே அதை ஓரங்கட்டினோம். வரப்போரத்தில் அது தெரிந்தால், நாகரிகம் வராத கிராமம் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொள்வார்கள். களிதூரைப் பற்றிப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

இனப்பெருக்கம் என்பது ஆகஸ்ட் மாதத்து வேலை. சோயாப் பூ அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் இருக்கும், ஊதா அல்லது வெள்ளை. அது விரிவதற்கு முன்பே மொட்டுக்குள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். ஆகவே நாளைக் காலை விரியப்போகிற மொட்டை இன்று பிற்பகலிலேயே கண்டுபிடிக்க வேண்டும். புல்லி இதழ்களுக்கு மேலே அல்லி இதழின் நுனி ஒரு கீற்றாக எட்டிப்பார்க்கும், அதுதான் அடையாளம். அந்தக் கணுவிலுள்ள மற்ற பூக்களையும் பிஞ்சுகளையும் கிள்ளிவிட்டு, மொட்டை இடது கை விரல்களுக்கு நடுவே பிடித்து, கூர்முனை இடுக்கியால் ஐந்து புல்லி இதழ்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து உரிக்க வேண்டும். பிறகு அல்லி இதழ்களை மொத்தமாகப் பிடித்து ஒரே இழுப்பு. உள்ளே சூல்முடியைச் சுற்றிப் பத்து மகரந்தத் தாள்கள் வளையமாக நிற்கும். அவற்றை எடுத்துவிட வேண்டும், சூல்முடியில் கீறல்கூட விழக்கூடாது. மறுநாள் காலை, தந்தைச் செடியில் புதிதாக விரிந்த பூவைப் பறித்துவந்து, அதன் மகரந்தத்தை அந்தச் சூல்முடியில் மெல்லத் தடவி, நூல் கட்டி, சீட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும். மழை தூறினால் அன்றைய வேலை வீண். நூறு பூவில் இருபது காய் பிடித்தால் நல்ல நாள். காய்க்கு இரண்டு விதை, மிஞ்சினால் மூன்று.

இந்த வேலையில் எங்களையெல்லாம் மிஞ்சியவர்கள் பண்ணையில் கூலிக்கு வந்த பெண்கள். அங்கே அவர்களை பாயி என்று அழைப்போம். வயதில் மூத்த ஒரு பாயி, மொட்டைத் தொட்டுப் பார்த்தே, "இது நாளைக்கு இல்லே, நாளன்னைக்கு" என்று சொல்லிவிடுவார், சொன்னது தப்பாது. நாட்டின் பல ரகங்களுக்குப் பின்னால் இப்படிப் பெயர் பதிவாகாத விரல்கள் இருக்கின்றன. ரக வெளியீட்டுப் படிவத்தில் அவர்களுக்கு ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிடித்த விதை உண்மையான கலப்பா, இல்லை தாய்ச்செடி தானே சூல்கொண்டதா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஓர் அழகான வழி உண்டு. தாய் வெள்ளைப் பூ, தந்தை ஊதாப் பூ என்று தேர்ந்துகொள்வோம். ஊதா ஓங்கிய பண்பு. அடுத்த பருவம் விதை முளைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதே, விதையிலைக்குக் கீழே உள்ள இளந்தண்டைப் பார்த்தால் போதும். ஊதா ஓடியிருந்தால் கலப்பு, வெறும் பச்சை என்றால் தாயின் நகல். பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு வார நாற்றிலேயே தெரிந்துவிடும். முழங்காலிட்டு வரிசை நெடுகக் குனிந்து ஊதாத் தண்டுகளைத் தேடிய அந்தக் காலைகள் என் வேலைக் காலத்தின் நிறைவான பொழுதுகள்.

அதற்குப் பிறகு வருவது பொறுமை. இரண்டாம் தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகள், ஒன்றுபோல் ஒன்று இராது. அதில் கண்ணுக்குப் பட்டதைத் தனிச்செடியாகப் பிடுங்கி, அடுத்த வருடம் ஒரு செடிக்கு ஒரு வரிசை. இலை ஒடுங்கி நீண்டிருந்தால் காயில் நான்கு விதை எதிர்பார்க்கலாம், இரண்டையும் ஒரே மரபணு ஆட்டிவைக்கிறது. மூத்தவர்கள் அதை மரபணு என்று சொல்லாமலே, "ஒல்லி இலையை விடாதே" என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆறேழு தலைமுறை கழித்து வரிசை சீரானதும் நிலைய ஆய்வு, பிறகு பல மாநிலங்களில் முதல்கட்ட ஆய்வு, அதன்பின் இரண்டு வருட உயர்நிலை ஆய்வு. கிராஸ் போட்ட நாளிலிருந்து ரகம் வெளிவர பத்துப் பன்னிரண்டு வருடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்ட கிராஸ் ரகமாகும்போது பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்திருப்பார்கள்.

ஜே.எஸ். 335 இப்படித்தான் வந்தது. ஜபல்பூர் ஜவாஹர்லால் நேரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகம், ஜே.எஸ். 78-77, ஜே.எஸ். 71-05 இரண்டையும் சேர்த்துப் பிறந்தது. 1994-ல் வெளியானது. நான் அதன் பெற்றோர்களில் ஒருவன் அல்ல, அதை வயல் வயலாகக் கொண்டுபோனவர்களில் ஒருவன். 95 முதல் 100 நாள். பிராக் விதையைவிட முளைப்பு நம்பகமானது. பாக்டீரியாக் கொப்புள நோய் அண்டாது. எல்லாவற்றையும்விட, எந்த மண்ணிலும் எந்த மழையிலும் ஏதோ ஒரு அளவு கொடுத்துவிடும். தேவாஸ் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம், "மதராஸி சாப், மத்த விதையெல்லாம் மழையைப் பார்த்துத்தான் பேசும். இது சொன்ன சொல்லைக் காப்பாத்துது" என்றார். நாங்கள் செய்த பிரசாரத்தைவிட அந்த ஒரு பேச்சு அந்த வட்டாரத்தில் அதிக மூட்டைகளை நகர்த்தியது.

விதை கடை வழியாகப் போனது கொஞ்சம். சம்பந்தி வீடு, சந்தை, மைத்துனன் வண்டி என்று போனதுதான் அதிகம். சில வருடங்களில் மத்தியப் பிரதேசத்தைத் தாண்டி விதர்பா, மராட்வாடா, வட கர்நாடகம் எங்கும் அதுவே. ஒரு கட்டத்தில் நாட்டின் சோயாப் பரப்பில் பெரும்பகுதியை இந்த ஒரே ரகம் பிடித்துக்கொண்டது. ஒரு ரகத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. நாங்களும் அப்படித்தான் கொண்டாடினோம்.

கோடிக்கணக்கான செடிகள் ஒரே மரபணுக்களைச் சுமந்து நின்றால், அந்த ஒரு பூட்டுக்குச் சாவி கண்டுபிடிக்கும் பூச்சிக்கும் நோய்க்கும் நாடு முழுக்கக் கதவு திறந்துகொள்ளும். முதலில் தண்டு ஈ, பிறகு சக்கர வண்டு. சக்கர வண்டின் வேலையை அருகிலிருந்து பார்த்தால் திகைப்பாக இருக்கும்: இலைக்காம்பிலோ தண்டிலோ சிறு இடைவெளி விட்டு இரண்டு வளையம் அறுத்து, நடுவில் முட்டை வைக்கும். வளையத்துக்கு மேலே உள்ள பகுதி வாடித் தொங்கும், புழு உள்ளே தண்டைக் குடைந்து கீழே இறங்கும். அதைச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் தேமல் வந்தது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இளம் இலையில் ஊசிமுனை அளவு மஞ்சள் புள்ளி, பிறகு பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டு, பிறகு முழு இலையும் மஞ்சள். காய் குறைந்துவிடும், இருக்கும் காயிலும் விதை சுருங்கும். ஆகஸ்ட் கடைசியில் பச்சையாக நிற்க வேண்டிய வயல், தூரத்திலிருந்து பார்த்தால் முற்றிய பயிராகத் தெரியும். "சீக்கிரமே பழுத்திருச்சு சாப்" என்று மகிழ்ச்சியாகக் கூட்டிப்போன ஒருவருடைய வயலில் இறங்கி, இலையைத் திருப்பி அடியில் பறந்த வெள்ளை ஈக்களைக் காட்டியபோது அவர் எதுவும் பேசவில்லை. நானும்தான்.

இதற்குள் ஜே.எஸ். 95-60 வந்திருந்தது. 82 முதல் 87 நாளில் அறுவடை; காய்க்கு நான்கு விதை. இந்தூரைச் சுற்றி சோயாவுக்குப் பின் உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் பணம், ஆகவே விழுந்தடித்துக்கொண்டு எடுத்தார்கள். 335 பின்வாங்கிய இடங்களில் பெரும்பாலும் 95-60 உட்கார்ந்தது. ஆனால் அதற்கும் மஞ்சள் தேமலைத் தாங்கும் திறன் இல்லை. ஒரு ரகத்தின் ஆதிக்கம் போய் இன்னொன்றின் ஆதிக்கம் வந்ததே தவிர, வயலில் வேற்றுமை கூடவில்லை. முதல் தடவையே கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடத்துக்கு விவசாயி இரண்டு தடவை பணம் கட்டினார்.

இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சோயாவின் மிகப் பெரிய ஆராய்ச்சியைச் செய்த அமெரிக்காவிலும் இதுவேதான். 1954-ல் வட கரோலினாவில் சோயா வேர்களில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. எதிர்ப்புச் சக்தியைத் தேடி, சீனாவிலிருந்து முன்பு கொண்டுவந்து சேமித்திருந்த விதைகளைச் சோதித்தார்கள். பீகிங் என்ற ரகமும், பி.ஐ. 88788 என்ற எண் கொண்ட மற்றொன்றும் கைகொடுத்தன. இரண்டாவதை டார்செட், மோர்ஸ் இருவரும் 1929 முதல் 1931 வரை ஜப்பான், கொரியா, சீனா என்று சுற்றிய பயணத்தில் சேகரித்தார்கள். இரண்டுமே கறுப்பு விதை. எந்த வியாபாரியும் வாங்காத விதை. அதிலிருந்து எதிர்ப்பை மட்டும் பிரித்தெடுத்து மஞ்சள் விதைக்கு மாற்ற வருடக்கணக்கில் உழைத்தார்கள். ஆனால் பி.ஐ. 88788-இன் எதிர்ப்பைச் சேர்ப்பது எளிது, விளைச்சலும் குறையவில்லை என்பதால், அங்கே சந்தையிலுள்ள எதிர்ப்பு ரகங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒரே மூலத்தையே நம்பத் தொடங்கின. இப்போது நூற்புழு அதற்குப் பழகிக்கொண்டு பெருகுகிறது. இல்லினாய் விதையை வாங்கிக்கொண்ட நாம், பின்னால் அந்த நாட்டுக்குக் கிடைத்த அனுபவத்தையும் கவனித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மஞ்சள் தேமலுக்கு எதிர்ப்பு நம்மிடமும் ஓரத்தில்தான் கிடைத்தது. பந்த்நகரில் யு.பி.எஸ்.எம். 534 என்ற மூலமும், காட்டுச் சோயாவும். காட்டுச் சோயாவைப் பார்த்தால் இது சோயாவுக்கு மூதாதை என்று யாரும் நம்ப மாட்டார்கள்: நூல்போல் தண்டு, பக்கத்துச் செடியைச் சுற்றிக்கொண்டு ஏறும், கடுகை விடச் சற்றே பெரிய கறுப்பு விதை, முற்றினால் காய் தானே வெடித்துச் சிதறும். அதைக் கலந்தால் எதிர்ப்போடு இந்தக் குணங்களும் கூடவே வரும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க, திரும்பத் திரும்ப நல்ல ரகத்தோடு பின்கலப்பு செய்ய வேண்டும். இன்று லூதியானாவின் எஸ்.எல். 958-உம், ஜபல்பூரின் ஜே.எஸ். 97-52, ஜே.எஸ். 20-29, ஜே.எஸ். 20-69, ஜே.எஸ். 20-98 போன்றவையும் தேமலைத் தாங்கி நிற்கின்றன. துரு நோய்க்குத் தார்வாடிலிருந்து டி.எஸ்.பி. 21 வந்தது.

இன்றைய ஆய்வகத்தைப் பார்த்தால் என் போன்றவர்களுக்கு மனம் நிறைகிறது. விதர்பாவிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் இளம் பெண் விஞ்ஞானி ஒருவர் எனக்கு ஒரு முறை முழுதாகக் காட்டினார். நாற்றில் மூன்றாவது இலை விரியும்போதே, நகக்கண் அளவு இலையைக் கிள்ளி, எண் போட்ட சின்னக் குழாயில் போட்டு ஐஸ் பெட்டியில் வைக்கிறார். டி.என்.ஏ. பிரித்து, வேண்டிய துண்டை மட்டும் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டு விளக்கொளியில் பார்த்தால் கோடுகள். "மேலே ஒரு கோடு வந்தா இது, கீழே ஒரு கோடு வந்தா அது, ரெண்டும் வந்தா கலப்பு. அவ்வளவுதான் சார்" என்றார்.

அவர் தேடிக்கொண்டிருந்தது குனிட்ஸ் டிரிப்சின் தடுப்பான் இல்லாத செடியை. பச்சைச் சோயாவில் நம் செரிமான நொதியைத் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. 1945-ல் மோசஸ் குனிட்ஸ் அதைப் பிரித்தெடுத்தார். அதனால்தான் சோயாவை நன்றாக வேகவைக்காமல் சாப்பிட முடியாது. அந்தப் புரதம் இல்லாத அமெரிக்கச் சோயா ஒன்று உண்டு, பி.ஐ. 542044. ஆனால் இல்லாமை ஒடுங்கிய பண்பு. முதல் கலப்பில் வெளியே தெரியாது; பின்கலப்பில் எந்தச் செடி அதை மறைத்துச் சுமக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. எங்கள் காலத்தில் ஒவ்வொரு பின்கலப்புக்குப் பிறகும் ஒரு பருவம் தன்மகரந்தத்தில் விட்டு, விதையைச் சோதித்து, அப்புறம்தான் அடுத்த கலப்பு. காலம் இரட்டிப்பாகும். இன்று நாற்றிலேயே இரண்டு கோடு தெரிந்துவிடுகிறது, அன்றைக்கே கலப்புக்குத் தேர்ந்துகொள்ளலாம். ஜே.எஸ். 97-52-இல் இந்தப் பண்பைச் சேர்த்து இந்தூரில் என்.ஆர்.சி. 127 உருவானது, அந்தத் தடுப்பான் இல்லாத நம் நாட்டின் முதல் ரகம். பிறகு வந்த என்.ஆர்.சி. 142-இல் பச்சை வாசனைக்குக் காரணமான ஒரு நொதியும் சேர்த்து நீக்கப்பட்டிருக்கிறது. சோயாவின் முழு மரபணுத் தொகுதி 2010-ல் வெளியானது. விளக்கொளியில் பகல் நேரத்தைக் குறைத்து வளர்த்து, வருடத்துக்கு நான்கைந்து தலைமுறை எடுக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் என்று நான் எழுதியதைப் படித்தால் அந்தப் பெண்ணுக்கு வியப்பாக இருக்கும்.

ஆனாலும் எதிர்ப்புச் சக்திக்கு இன்றும் பழைய வழியேதான் இறுதித் தேர்வு. எங்கே நோய் மிகக் கொடூரமோ அங்கே விதையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். மஞ்சள் தேமலுக்கு லூதியானாவும் பந்த்நகரும், துருவுக்குக் கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்து உகார் குர்த். புதிய லைன்களுக்கு நடுநடுவே, வேண்டுமென்றே எளிதில் நோய் பிடிக்கும் ரகத்தை வரிசையாக நட்டு நோயை வளர்ப்பார்கள். அந்த வரிசை மடிந்து, பக்கத்து வரிசை பச்சையாக நின்றால்தான் நம்பிக்கை வரும். எந்த ஜெல்லும் அந்த வயலுக்கு மாற்றாகவில்லை.

இவ்வளவு ரகங்கள் வந்தும், நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன்னிலேயே பல வருடமாக நிற்கிறது. பிரேசிலில் மூன்று டன்னுக்கு மேல். அங்கே பருவம் நீளம், மண்ணுக்குச் சுண்ணாம்பும் மணிச்சத்தும் கொட்டுகிறார்கள். நம்முடையது மழையை நம்பி நூறு நாளில் முடியும் மானாவாரி. ஒப்பிட்டால் நியாயமாகாது. இருந்தும், நம் செயல்விளக்க வயல்களில் அதே மழையில் ஒன்றரை முதல் இரண்டு டன்வரை எடுத்துக் காட்டியிருக்கிறோம். இடையில் எங்கோ அடைப்பு இருக்கிறது. என் அனுபவத்தில் அந்த அடைப்பு, ஆய்வகத்துக்கும் வயலுக்கும் நடுவே உள்ள விதை.

கணக்கைப் பாருங்கள். நல்ல ரகம் வந்ததும் வல்லுநர் விதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்று மூன்று படி. நெல்லில் ஒரு மடங்கு எண்பது மடங்காகும். சோயாவில் பதினாறுதான். ஒரு குவிண்டால் வல்லுநர் விதை இரண்டு பருவம் கழித்து 256 குவிண்டால் சான்று விதையாகும். ஹெக்டேருக்கு 70 கிலோ என்றால் 365 ஹெக்டேர் விதைக்கலாம். 1 கோடியே 20 லட்சம் ஹெக்டேருக்கு முன்னால் இது என்ன? நெல்லில் அதே ஒரு குவிண்டால் பத்தாயிரம் ஹெக்டேரைத் தாண்டும். அதனால் சோயாவில் புது ரகம் ஊர்ந்துதான் வரும், பழைய ரகம் வீட்டு மூலையில் மூட்டையாக இருக்கும்வரை அதுவே ஜெயிக்கும்.

அதிலும் அந்த விதை ஜூன் வரை உயிரோடிருக்க வேண்டும். சோயா விதையில் முளைவேர் மெல்லிய தோலுக்கு அடியிலேயே, தழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. திரெஷரை நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் ஓட்டினாலோ, மூட்டையைத் தோளிலிருந்து தரையில் தொப்பென்று போட்டாலோ அந்த முளை அடிபடும். வெளியே எதுவும் தெரியாது, விதைத்த பிறகுதான் தெரியும். சட்டப்படி 70 சதவீதம் முளைத்தால் போதும். பல பயிர்களைவிடக் குறைவாக வைத்ததே இதனால்தான். இங்குதான் களிதூர் திரும்பி வருகிறது. அந்தச் சின்னக் கறுப்பு விதையின் கெட்டித் தோல் அடுத்த மழைக்காலம்வரை முளைப்பைக் காக்கும். பெரிய மஞ்சள் விதைக்காக நாங்கள் ஒதுக்கிய அதே களிதூரையும், கறுப்பு விதை கொண்ட பிர்சா சோயா 1-ஐயும் வைத்து, விதை நாள்பட இருக்கும் குணம் எந்த மரபணுப் பகுதியில் இருக்கிறது என்று இன்று தேடுகிறார்கள். யாரோ சிலர் அதை மரபணு வங்கியில் போட்டு வைத்ததால் தேட முடிகிறது. அன்று எங்கள் பேச்சைக் கேட்டு எல்லா வரப்போரமும் சுத்தமாகியிருந்தால், எதைக் கொண்டு தேடுவது? ரகம் உருவாக்கும் வேலைக்கு நிதி கேட்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்புக் கிடங்கின் குளிர்ச்சிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் இப்போது பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஓய்வுக்குப் பிறகும் நான் இந்தூர்ப் பக்கமே தங்கிவிட்டேன். விதை உற்பத்தி செய்யும் விவசாயிகள் குழு ஒன்றுக்குப் போய்வருகிறேன். இந்த மே மாதம் அவர்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் முளைப்புச் சோதனை. ஈரச் சாக்கில் பத்துக்குப் பத்தாக நூறு விதையை அடுக்கிச் சுருட்டி வைத்து, ஐந்தாம் நாள் பிரித்தோம். ஜே.எஸ். 20-34-க்கு 81, என்.ஆர்.சி. 142-க்கு 76. அவர் அப்பா காலத்து 335-க்கு 84. மகன் அதைக் காட்டிச் சிரித்தார். "பார்த்தீங்களா அங்கிள், கிழவன் இன்னும் தோக்கலை" என்றார்.

அவரிடம் நான் 335-ஐ முழுக்க விடச் சொல்லவில்லை. நிலத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன்: சீக்கிரம் வருவது ஒன்று, நடுத்தரம் ஒன்று, வேறு மூலத்திலிருந்து எதிர்ப்புப் பெற்றது ஒன்று. செப்டம்பர் மழை கடைசியில் வந்து கெடுத்தாலும், வெள்ளை ஈ வந்தாலும், மூன்றும் ஒரே நாளில் போகாது. 335-க்கு ஓரமாக இரண்டு பீகா நிலம். அவர் மனைவி அறுவடைக்குக் கூலி ஆள் மூன்று தடவை தேட வேண்டியிருக்கும் என்று குறைப்பட்டார், அதுவும் உண்மைதான். ஒரே நாள் அறுவடை சுலபம், இது சுலபமில்லை. கடைசியில் நடுவயலுக்கு ஜே.எஸ். 20-98-ஐ எழுதிக்கொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வயல்காரர், பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்த நடுவயல் விதையிலே எனக்கு ஒரு குவிண்டால் இப்பவே சொல்லி வைக்கிறேன், அடுத்த வருஷத்துக்கு" என்றார். இவர் விலையைச் சொன்னார். அது அதிகம் என்று அவர் பேரத்தைத் தொடங்கினார்.